தாது ஆண்டுத் தில்லிப் பெருவிழா

தில்லி மாநகரின் வடபால், இன்றும் கிங்ஸ்வே கேம்ப் என வழங்கும் பகுதிக்கு அப்பால் விரிந்து கிடக்கும் சமவெளியில் ஆங்கிலப் பேரரசு மூன்று முறை தன் முடிசூட்டுப் பெருமையைக் கொண்டாடியது. 1911-ஆம் ஆண்டு விழா, ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் நேரில் வந்து தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றியதாக அறிவித்தமையால் எல்லார் நினைவிலும் நிற்கிறது. 1903-இல் நடந்தது கர்சன் பிரபுவின் ஆடம்பரத்துக்குச் சான்றாக நினைக்கப்படுகிறது. முதலாவதாக, 1877 சனவரி முதல் நாள் நடைபெற்றதைத்தான் பலரும் மறந்துவிட்டனர். தமிழர் மறக்கத் தகாதது அதுவே என்பது என் கருத்து.

காரணம் எளிது. அந்த விழாவுக்குப் பந்தல் கால் நட்ட மாதங்களும், தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் நம் பாட்டன் பாட்டிமார் ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று சொல்லி நடுங்கிய மாதங்களும் ஒன்றே. தாது ஆண்டு 1876 சித்திரையில் பிறந்து 1877 பங்குனியில் முடிந்தது. விழாவையும் பஞ்சத்தையும் வரலாற்று நூல்கள் வெவ்வேறு அதிகாரங்களில் வைத்துப் பேசுகின்றன. இரண்டையும் நடத்திய அரசு ஒன்றே. அதன் கருவூலமும் ஒன்றே. ஆதலின் இரண்டையும் ஒரே கணக்கேட்டின் இரு பக்கங்களாகப் புரட்டிப் பார்ப்பதே முறை.

1876-இல் பிரதமர் டிஸ்ரேலி, விக்டோரியா அரசிக்கு ‘இந்தியப் பேரரசி’ என்னும் பட்டத்தை அளிக்கும் சட்டத்தை நாடாளுமன்றத்தில் நிறைவேற்றினார். இங்கிலாந்திலேயே அதற்குக் கடும் எதிர்ப்பு இருந்தது. அரசி என்னும் பழம்பெயர் போதாதா, பேரரசி என்பது ஆங்கில மரபுக்கு ஒவ்வாததன்றோ எனப் பலர் கேட்டனர். பட்டத்தை இந்திய மொழியில் எவ்வாறு சொல்வது என்ற கேள்வியும் எழுந்தது. லாகூர் அரசுக் கல்லூரியின் முதல்வராயிருந்த லைட்னர் என்னும் அறிஞர் ‘கைசர்-இ-ஹிந்த்’ என்று ஒரு தொடர் ஆக்கித் தந்தார். உரோமரின் சீசர், செருமானியரின் கைசர், உருசியரின் சார் ஆகிய மூவரையும் நினைவூட்டும் சொல், பாரசீகம் பயின்ற இந்தியர்க்கும் பழக்கமான சொல் என்பது அவர் வாதம்.

பட்டம் இலண்டனில் பிறந்தது. அதற்கு விழா எடுக்கும் பொறுப்பு, அதே ஆண்டு ஏப்ரலில் வைஸ்ராயாக வந்து சேர்ந்த லிட்டன் பிரபுவிடம் விழுந்தது. லிட்டன் ஒரு கவிஞர். தந்தையார் புகழ்பெற்ற புதின ஆசிரியர். கீழ்நாடுகளில் போகப் போகக் கொடித்துணியின் மதிப்பு உயர்ந்துகொண்டே போகும் என்று எழுதியவர் அவர். அந்த ஒரு கருத்தை அடித்தளமாகக் கொண்டே சிம்லா மலையில் கோடைக்காலம் முழுவதும் திட்டம் தீட்டப்பட்டது. வைஸ்ராயின் அந்தரங்கச் செயலாளர், இராணுவச் செயலாளர், வெளியுறவுத் துறையின் தார்ண்டன், பின்னாளில் ஆப்கானியப் போரில் பெயர் பெற்ற இராபர்ட்ஸ் முதலிய சிலரே அடங்கிய சிறு குழு அது. கூடாரங்களுக்கும் இடவசதிக்கும் பொறுப்பாளர் இராபர்ட்ஸ்.

இடம் தில்லி என்று முடிவாயிற்று. அரசின் தலைநகர் கல்கத்தா. ஆயினும் முகலாயரின் சிம்மாசனம் இருந்த ஊர் தில்லி. 1857-இன் இரத்தம் அங்கே சிந்தி இருபது ஆண்டுகூட நிறையவில்லை. வென்றவன் வென்ற இடத்திலேயே முடிசூடுவது பழைய வழக்கந்தானே!

1876 செப்டம்பர் முடிவதற்குள் அழைப்புகள் சென்றன. ஆட்சி புரியும் மன்னர்கள் அறுபத்து மூவர். அவர்களையன்றிப் பட்டம் பெற்ற பெருமக்களும் குறுநிலத் தலைவரும் முந்நூற்றுவர் அளவில். அவர்தம் பரிவாரங்களும், அதிகாரிகளும், படைகளும், பணியாளரும் சேர, 84,000 பேருக்குமேல் தங்க இடம் வேண்டியிருந்தது. அன்றைய தில்லி நகரின் மக்கள்தொகையே ஒன்றரை லட்சத்தைச் சற்று மிஞ்சியதுதான். ஆகவே பாதி நகரத்துக்கு நிகரான இன்னொரு நகரத்தை, மூன்று மாதத்தில், துணியால் கட்டவேண்டும்! தில்லி இரயில் நிலையத்தைத் தொடக்கமாகக் கொண்டு ஐந்து மைல் தொலைவுக்கு அரைவட்டமாகக் கூடார வரிசைகள் அமைந்தன. புதிய சாலைகள் போடப்பட்டன, குடிநீர் கொண்டுவரப்பட்டது, கடைவீதிகள் திறக்கப்பட்டன. பெருங்கூட்டம் கூடுமிடத்தில் கொள்ளைநோய் வராமல் காப்பதற்கான துப்புரவு ஏற்பாடுகளும் கவனமாகச் செய்யப்பட்டன. ஆட்சித்திறன் என்னும் வகையில் மட்டும் நோக்கினால் வியக்காமல் இருக்க இயலாது.

இவற்றுக்கெல்லாம் நிலம் வேண்டுமே? நூறு கிராமங்களின் நிலங்கள் வாடகைக்கு எடுக்கப்பட்டன. அங்கிருந்த உழவர் அவ்வாண்டு குளிர்காலப் பயிர் வைக்கத் தடை செய்யப்பட்டனர். வயலை இழந்து நின்றவர்களே பெரும்பாலும் சாலை போடவும் பள்ளம் நிரப்பவும் கூலியாட்களாக வந்தனர். விதைக்க வேண்டிய கை மண் சுமந்தது. இது தில்லிப் பக்கத்து உழவன் கதை. தெற்கே என்ன நடந்தது என்பதைப் பின்னர்ப் பார்ப்போம்.

இனி, இவற்றுக்கெல்லாம் பணம் கொடுத்தவர் யார்?

பட்டம் இங்கிலாந்து அரசிக்கு. செலவு இந்திய வருவாய்க்கு. இந்தியக் கருவூலத்தின் முதன்மையான ஊற்று நிலவரி. எனவே பந்தலின் ஒவ்வொரு முழத்துக்கும் எங்கோ ஓர் ஏர் உழுதிருக்கிறது. இம்முறை அன்று புதிதும் அன்று. 1867-இல் துருக்கி சுல்தானுக்கு இலண்டனில் இந்திய அலுவலகம் ஒரு நடன விருந்து அளித்தது. அந்த விருந்தின் செலவை இந்திய வருவாயில் எழுதினர். ஃபாசெட் என்னும் நாடாளுமன்ற உறுப்பினர் அதைக் கண்டித்துக் குரல் எழுப்பினார். கண்பார்வை இழந்த அப்பெருமகனார்க்கு, பார்வையுள்ள பிறர் காணாதது தெரிந்தது. 1875-76-இல் வேல்ஸ் இளவரசர் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தபோதும், இங்கிலாந்து கொடுத்த தொகையோடு, இந்திய வரவு செலவில் விழும் பங்கு 30,000 பவுண்டு என மதிப்பிடப்பட்டது. அப்போதும் எதிர்த்துப் பேசியவர் ஃபாசெட்டே.

கருவூலத்தில் எழுதப்பட்டது ஒரு கணக்கு. எழுதப்படாதது அதனினும் பெரிது. மன்னர்கள் தத்தம் யானை, குதிரை, பரிவாரம், கூடாரம் அனைத்தையும் தம் செலவிலேயே கொண்டுவர வேண்டும். அவர்தம் செலவு என்றால் அவர்தம் குடிகளின் செலவு. ஒருவர் கூடாரத்தைவிட மற்றவர் கூடாரம் குறையலாகாது என்னும் போட்டி வேறு. அரசாங்கம் மேசை போட்டது. விருந்தை விருந்தினரே சமைத்துக் கொண்டுவந்தனர் எனலாம்.

கைம்மாறாக அவர்கள் பெற்றது என்ன? பழைய முகலாய தர்பாரில் சிற்றரசன் நசர் வைப்பான். பேரரசன் கில்லத் என்னும் ஆடை அளித்து அவனைத் தன் உடலோடு சேர்ந்தவனாக ஏற்பான். 1877-இல் அந்தப் பரிமாற்றம் நீக்கப்பட்டு, அதனிடத்தில் கொடியும் பதக்கமும் வந்தன. ஐரோப்பிய வீரமரபின்படி ஒவ்வொரு மன்னர்க்கும் ஒரு குலச்சின்னம் வரையப்பட்டது. வங்காளத்து ஆட்சிப்பணி அதிகாரி இராபர்ட் டெய்லர் என்பவர் தம் ஓய்வுநேர ஆர்வத்தால் ஏறத்தாழத் தொண்ணூறு சின்னங்களைப் படைத்தார். பட்டுத் துணியில் அவற்றைப் பொறித்துப் பித்தளைக் கம்பங்களில் கட்டினர். கம்பத்தின் கனம் தாங்காமல் ஒரு கொடியைத் தூக்க இரண்டு வலிய ஸ்காட்லாந்து வீரர்கள் வேண்டியிருந்ததாம்! பீரங்கி மரியாதையின் எண்ணிக்கையைச் சிலர்க்கு உயர்த்தினர். ‘பேரரசியின் ஆலோசகர்’ என்று சிலர்க்குப் பட்டம் தந்தனர். ஆலோசனை கேட்கும் கடமை யார்க்கும் இல்லை. நிலம் கேட்டவர்க்கு நிலம் இல்லை. உரிமை கேட்டவர்க்கு உரிமை இல்லை. ஐதராபாத்தின் திவான் சாலார் ஜங் பேரார் மாநிலத்தைத் திருப்பித் தரக் கேட்டுக்கொண்டே இருந்தார், அது கிடைக்கவில்லை. கொடுப்பவனுக்குக் காசு செலவாகாத பொருளையே கொடுப்பது என்ற கலையில் லிட்டன் பிரபு தேர்ந்தவர்.

விழா நாட்களை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1876 டிசம்பர் 23-இல் வைஸ்ராய் இரயிலில் வந்திறங்கி யானைமீது நகர்வலம் போனார்; ஊர்வலம் மூன்று மணிநேரம் நீண்டது. சனவரி முதல் நாள் அறுகோண மேடையில் அவர் அமர, எதிரே அரைவட்டப் பந்தலில் மன்னர்கள் அமர, ஆங்கிலத்திலும் உருதுவிலும் பிரகடனம் படிக்கப்பட்டது. படையினர் சுட்ட துப்பாக்கி வரிசையின் ஓசையில் யானைகளும் குதிரைகளும் மிரண்டு கூட்டத்துள் ஓடின. வேடிக்கை பார்க்க வந்த எளியோர் சிலர் அதில் உயிரிழந்தனர். ஓவியம் தீட்டுவதற்கென்றே அழைக்கப்பட்டிருந்த வால் பிரின்செப், பந்தலின் அலங்காரத்தைக் கண்டு மனம் நொந்து எழுதியிருக்கிறார்.

இப்பொழுது கணக்கேட்டின் மறுபக்கத்தைப் புரட்டுவோம்.

1876-இல் தென்மேற்குப் பருவமழை தக்காணத்தில் பொய்த்தது. ஐப்பசி கார்த்திகையில் வரவேண்டிய வடகிழக்குப் பருவமழையும் சென்னை மாகாணத்தைக் கைவிட்டது. பல்லாரி, கர்நூல், கடப்பை மாவட்டங்கள் முதலில் வீழ்ந்தன. சேலம், கோயம்புத்தூர், வடார்க்காடு, செங்கற்பட்டு, மதுரை எனத் தமிழ் மாவட்டங்கள் தொடர்ந்தன. இரயில் இருந்தது, தானியமும் முற்றிலும் இல்லாமல் போய்விடவில்லை. வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் அரிசி கப்பலில் வந்து சென்னைக் கடற்கரையில் குவிந்தது. வாங்கக் கையில் காசு இல்லை என்பதே பஞ்சம். சென்னை ஆளுநர் பக்கிங்காம் கோமகன் நிலைமையை உணர்ந்து, ஆர்பத்நாட்டு நிறுவனத்தின் வழியாக 30,000 டன் தானியத்தை அரசின் பேரில் மறைவாக வாங்க ஏற்பாடு செய்தார். வணிகத்தில் அரசு தலையிடலாகாது என்னும் கொள்கைக்கு அது மாறானது என்று இந்திய அரசு அவரைக் கண்டித்தது.

அவர்தாம் டிசம்பரில் தம் மாகாணத்தை விட்டுத் தில்லி விழாவுக்கு வரவேண்டியிருந்தது. பம்பாய் ஆளுநரும் வந்தார்; அவர் மாகாணத்தின் தக்காணப் பகுதியும் அப்போது பஞ்சத்தில் வாடியது. கூடார நகரிலேயே, விருந்துகளுக்கும் பேட்டிகளுக்கும் நடுவே, வைஸ்ராயும் ஆளுநர்களும் பஞ்சம் பற்றிக் கலந்து பேசினர். அந்நாளில் சென்னை மாகாணத்தில் நிவாரண வேலையில் இருந்தவர் பத்து லட்சத்துக்கும் மேல். செலவு ஏறுகிறது, இதனைக் கட்டுப்படுத்த ஒருவரை அனுப்பவேண்டும் என்று முடிவாயிற்று. சர் ரிச்சர்டு டெம்பிள் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

டெம்பிளின் கதை தனியே சிந்திக்கத் தக்கது. 1874-இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து பெருமளவு அரிசி தருவித்து மக்களைக் காத்தவர் இவரே. சாவு மிகக் குறைவு. அதற்காக அவர் பெற்ற பரிசு, ஊதாரி என்னும் பழிச்சொல். உயிர் காத்ததற்கு வசை கேட்ட மனிதர், அந்தக் கறையைத் துடைக்கும் நோக்கோடு தெற்கே வந்தார் என்று கருத இடமுண்டு. 1877 சனவரியில் வந்தார். வேலை செய்யும் ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறிது காசும் போதும் என்று வரையறுத்தார். அதற்கு முன் ஏறத்தாழ ஒன்றரை ராத்தல் தானியத்துக்கு ஈடான கூலி இருந்தது. பெண்டிர்க்கும் சிறார்க்கும் இன்னும் குறைவு. நாள் முழுதும் கல்லுடைத்து மண் சுமப்பவனுக்கு ஒரு ராத்தல்! சென்னையின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் வெகுண்டெழுந்தார். சிறையில் உழைக்கும் கைதிக்குக்கூட இதனினும் மிகுதியாகத் தருகிறோமே என்று புள்ளி விவரத்தோடு வாதாடினார். பின்னர்தான் அளவு உயர்த்தப்பட்டது. அதற்குள் போன உயிர்கள் போனவையே.

பம்பாய்த் தக்காணத்தில் இந்தக் கூலிக் குறைப்பைத் தொழிலாளர் ஏற்கவில்லை. வேலைத்தலங்களை விட்டுக் கூட்டங்கூட்டமாக வெளியேறினர். அவர்க்காக எழுதியும் வாதாடியும் துணைநின்றது புனே சார்வஜனிக சபை. அச்சபையின் கணேஷ் வாசுதேவ் ஜோஷி அதே சனவரியில் தில்லிக்கு வந்திருந்தார். பட்டும் பொன்னும் பளபளத்த அக்கூட்டத்தில், கையால் நூற்று நெய்த கதர் உடுத்து, குடிமக்கள் சார்பில் வாழ்த்துரையோடு உரிமைக் கோரிக்கையையும் சேர்த்து அளித்தார். காந்தியடிகள் அப்போது ஏழு வயதுச் சிறுவர். விழாவின் ஓவியங்களில் நான் தேடுவது ஜோஷியாரின் அந்த வெள்ளை உடையைத்தான்.

இங்கே ஒரு நேர்மையான கேள்வியைத் தவிர்க்கலாகாது. விழாவுக்குச் செலவிட்ட பணத்தைப் பஞ்சத்துக்குக் கொடுத்திருந்தால் பஞ்சம் தீர்ந்திருக்குமா? தீர்ந்திராது. பஞ்ச நிவாரணத்துக்கு அரசு முடிவில் செலவிட்டது எட்டுக் கோடி ரூபாய்க்கும் மேல். விழாச் செலவு அதன்முன் சிறிது. ஆதலால் ‘விழா மக்களைக் கொன்றது’ என்று மேடையில் முழங்குவது எளிதேயன்றி வரலாறு ஆகாது. குற்றம் வேறிடத்தில் இருக்கிறது. அரசாங்கத்துக்கு ஆற்றல் இல்லை என்ற சமாதானத்தை இந்த விழாவே பொய்யாக்கிவிட்டது. மூன்று மாதத்தில் 84,000 பேருக்கு உறைவிடமும் நீரும் துப்புரவும் அமைத்துத் தர வல்ல கைகள், அதே மூன்று மாதத்தில் தெற்கே கஞ்சித் தொட்டியின் அளவைப் பற்றி ஐயுற்றுக்கொண்டிருந்தன. விழாவைத் தள்ளிவைக்கலாமா என்பது கேள்வியாகவே எழவில்லை. கூலியைக் குறைக்கலாமா என்பது உடனே கேள்வியாயிற்று.

விழா எடுப்பதே தவறு என்று சொல்லும் மரபினர் அல்லர் நாம். இந்திர விழாவைக் கைவிட்டதனால் புகார் நகரைக் கடல் கொண்டது என்று மணிமேகலைக் காப்பியம் பேசுகிறது. ஆனால் அதே காப்பியத்தில், யானைப் பிடரியில் முரசேற்றி விழாவை நகருக்கு அறிவிப்பவன், மாதம் மும்மாரி பொழிக, மன்னன் செங்கோல் வழுவாதிருக்க என்று வாழ்த்துகிறான். நாட்டில் பட்டினியும் நோயும் பகைமையும் ஒழிக என்று வேண்டுகிறான். பின்னர் அந்நகரில் பசித்தோர்க்கு அமுதசுரபி ஏந்தி வருபவளும் விழாவில் ஆடவேண்டிய குலத்தில் பிறந்தவளே. சாத்தனார் வைத்த இந்த முறைவைப்பு தற்செயலானது என்று எனக்குத் தோன்றவில்லை. தில்லிப் பிரகடனம் படித்த தலைமைக் கட்டியக்காரர் மேஜர் பார்ன்ஸ், படையிலேயே மிக உயரமானவர் என்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்.

தமிழ்நாட்டில் அமுதசுரபி ஏந்தியவர்கள் இல்லாமல் இல்லை. மாயூரத்தில் முன்சீபாக இருந்து ஓய்வுபெற்ற வேதநாயகம் பிள்ளை தம் பொருளைக் கொண்டு கஞ்சித் தொட்டிகள் நடத்தினார். கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் பாடினார். புலவர் பாடுதற்குரிய தலைவனை அந்த ஆண்டு தில்லி மேடையில் தேடவேண்டியிருக்கவில்லை. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. ஆளுநர் பெயரால் பக்கிங்காம் கால்வாய் என்று முழு நீர்வழிக்குமே பெயராயிற்று. வெட்டிய கைகளின் பெயரை எந்தக் கல்லும் சொல்லவில்லை. சேலம் மாவட்டத்தில் 1871-இல் ஏறத்தாழ 19.7 லட்சம் மக்கள் இருந்தனர். 1881-இல் 16 லட்சம். இலங்கைக்கும் பிற தோட்ட நாடுகளுக்கும் கப்பலேறிப் போனவர்களும் அந்தக் குறைவில் அடங்குவர் என்றாலும், எஞ்சிய எண் நெஞ்சைச் சுடும். பிழைப்புக்காக ஊரை விட்டவர்களின் வழிவந்தோர் என்ற வகையில் அந்தக் கணக்கு நம்மையும் தொடுகிறது.

பஞ்சம் ஓய்ந்தபின் லிட்டன் அரசு, எதிர்காலப் பஞ்சங்களுக்கென்று ஆண்டுதோறும் ஒன்றரைக் கோடி ரூபாய் ஒதுக்குவதாக உறுதி கூறி 1878-இல் புதிய உரிம வரி விதித்தது. அவ்வாண்டு இறுதியிலேயே ஆப்கானியப் போர் தொடங்கியது, உறுதிமொழி ஆட்டங்கண்டது. தில்லி விழாவுக்கு இந்தியப் பத்திரிகையாசிரியர்களையும் விருந்தினராக அழைத்திருந்தார் லிட்டன். ‘இந்து பேட்ரியட்’ இதழுக்காக வந்திருந்த சுரேந்திரநாத் பானர்ஜி அவர்களுள் ஒருவர். பதினைந்து மாதம் கூட ஆகவில்லை, 1878 மார்ச்சில் தாய்மொழி இதழ்களின் வாயை அடைக்கும் சட்டம் வந்தது. கூடாரத்தில் விருந்துண்டவர்கள் எழுதுகோலைக் கீழே வைத்துவிடவில்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமோ?

1899-1900-இல் மீண்டும் பெரும்பஞ்சம் வந்து பம்பாய், இராசபுதனம், மத்திய மாகாணப் பகுதிகளைச் சூறையாடியது. அதன் வடு ஆறுமுன்னர், 1903 சனவரியில், கர்சன் பிரபு அதே சமவெளியில் இரண்டாம் தர்பாரை முன்னதைவிடப் பெரிதாக நடத்தினார். அந்த ஆண்டு டிசம்பரில் காங்கிரசு மாநாடு சென்னையில் கூடியது. தலைமை தாங்கிய வங்காளத்து லால்மோகன் கோஷ், மடிந்துகொண்டிருக்கும் மக்களுக்குமுன் இத்தனை ஆடம்பரக் காட்சி எதற்கு என்று கேட்டு, அந்தச் செலவில் ஒரு பாதியேனும் பஞ்ச நிவாரணத்துக்குப் போயிருக்கலாகாதா என்றார். சபையில் அமர்ந்திருந்தவர்களுள் தாது ஆண்டில் இளைஞராயிருந்த சென்னைவாசிகள் பலர் இருந்திருப்பர்.